மாங்குயில் யார் வீட்டில், கட்டுவிரியன் யார் வீட்டில்? சேலத்து உயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேலத்து ஏரிக்கரைகளில் பறவை பார்க்கப் போவது எனக்கு வழக்கம். கூட வருகிறவர்களும், கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பார்த்துவிட்டு டீக்கடையில் பேச்சுக் கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. "அது என்ன குருவிங்க?" என்று தொடங்கும், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பட்டா, தண்ணீர், குப்பை என்று போய்விடும். அப்படிப் போவதுதான் சரி என்று நினைக்கிறேன். பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

பறவைக்கு ஏழை, பணக்காரன் என்று தெரியுமா என்ன?

தெரியாது. மரம் தெரியும், தண்ணீர் தெரியும், பொந்து தெரியும். செம்மார்புக் குக்குறுவானை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் யாரோ பித்தளைப் பாத்திரம் தட்டுவது போல 'டொக் டொக்' என்று கூப்பிடுமே, அதுதான். அது கூடு குடைவது பட்டுப்போன கிளையில். பட்ட கிளை வேண்டுமென்றால் வயதான மரம் வேண்டும். மரத்துக்கு வயதாக வேண்டுமென்றால் முப்பது, நாற்பது வருடம் யாரும் வந்து "காலி பண்ணு" என்று சொல்லாத மண் வேண்டும். அந்த மண் இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு தானாகப் பணத்துக்கு வந்துவிடும். சாதிக்கும் வந்துவிடும். ஊர் தனியாக, காலனி தனியாக நிலம் பிரிந்த கதை பறவைக் கணக்கிலும் இருக்கிறது.

இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா, இல்லை நீங்களாகச் சொல்கிறீர்களா?

ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்று ஒரு பாலைவன நகரம். அங்கே எந்தப் பகுதியில் எத்தனை வகைச் செடிகள் என்று எண்ணி, 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடும்ப வருமானம் அதிகமான பகுதிகளில் செடி வகைகள் மற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தன. அதற்கு 'லக்சுரி எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். வசதியின் விளைவு என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் உலகில் பல நகரங்களில் செடி, பறவை, பூச்சி என்று தேடிப் பார்த்தார்கள். பல இடங்களில் அப்படித்தான் இருந்தது, சில இடங்களில் இல்லை.

அமெரிக்காவிலேயே இன்னொரு கதை இதைவிடக் கசப்பானது. 1930-களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களை எடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் ஏ, பி, சி, டி என்று தரம் போட்டது. கறுப்பின மக்களும் வந்தேறிய ஏழைகளும் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் டி, சிவப்பு நிறம். சிவப்பு அடித்த இடத்தில் வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தப் பாகுபாட்டை 1968-ல் சட்டம் தடை செய்தது. ஆனால் 37 நகரங்களில் அண்மையில் அளந்து பார்த்தபோது, அன்று ஏ வாங்கிய பகுதிகளில் சராசரியாக 43 சதவீதம் மரநிழல், டி வாங்கிய பகுதிகளில் 23 சதவீதம். கோடு போட்டவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மரங்கள் மட்டும் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

நமக்குப் பக்கத்தில் பெங்களூரில், ஹரிணி நாகேந்திரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் குடிசைப் பகுதிகளின் மரம் செடிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே மரம் குறைவு. ஆனால் இருப்பவை முருங்கை மாதிரி உணவுக்கோ மருந்துக்கோ பயன்படுபவை. இந்த 'ஆனால்' சேலத்துக்கும் பொருந்துகிறது. கீழே சொல்கிறேன்.

சேலத்தில் அதை எங்கே பார்ப்பது?

ஒரு காலைப்பொழுது போதும். அஸ்தம்பட்டியில் தொடங்கி ஏற்காடு மெயின் ரோடு பக்கம் நடங்கள். வெள்ளைக்காரன் காலத்து வளாகங்கள், பெரிய காம்பவுண்டுகள், தூங்குமூஞ்சி மரங்கள். மாங்குயில் கத்தும், வால்காக்கை இறங்கும், பொந்தில் புள்ளி ஆந்தை பகலிலேயே எட்டிப் பார்க்கும். பேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் வசதியானவர்களின் வீட்டு மரங்கள். அப்புறம் பஸ் பிடித்து அம்மாபேட்டை, கிச்சிப்பாளையம், குகை என்று எங்கேயாவது இறங்குங்கள். வாசல் இருக்கும், வாசலுக்கு முன்னால் சாக்கடை இருக்கும், அதற்கு முன்னால் ரோடு. நடுவில் ஒரு வேப்பங்கன்று நிற்க ஒன்றரை அடி கிடைக்காது. மேலே மின்கம்பி. காகம், புறா, மைனா, வானத்தில் கரும்பருந்து. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் மரம் இல்லாததன் அர்த்தம் மண்டையில் ஏறும்.

நான் அம்மாபேட்டையில் தறிச்சத்தத்துக்குள் வளர்ந்தவன். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் பாவடி என்று ஓர் இடம் இருக்கும். பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட ஊர்ப் பொதுவில் விட்ட வெட்டவெளி. ஓரமெல்லாம் பூவரசும் வேம்பும். நிழல் இல்லாமல் பாவு வேலை நடக்காது. அதனால் அந்த மரத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். விசைத்தறி வந்தது, பாவு மெஷினுக்குப் போனது, பாவடிக்கு வேலை இல்லாமல் போனது. வண்டி நிறுத்தினார்கள், அப்புறம் கட்டடம் வந்தது. எங்கள் தெருவுக்குத் தோட்டம் எப்போதுமே கிடையாது. இருந்த மரமெல்லாம் தொழிலுக்காக நின்ற பொதுமரம்தான். தொழில் மாறியதும் மரமும் போனது. பேர்லேண்ட்ஸ் மரம் தனிச்சொத்து. அதற்கு இந்த ஆபத்து இல்லை. எந்த ஆய்விலும் இதைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, நெசவாளத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படியானால் ஏழைத் தெருக்களில் உயிர்களே இல்லையா?

இருக்கின்றன. சிட்டுக்குருவியைத் தேடி பேர்லேண்ட்ஸ் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜார் பக்கம் போங்கள். தானிய மூட்டை அவிழும் இடம், ஓட்டுக்கூரை, சுவர் ஓட்டை, கடை ஷட்டர் இடுக்கு, எல்லாவற்றிலும் குருவி. அதற்கு வேண்டியது சிந்திய அரிசியும் உள்ளங்கை அகல ஓட்டையும். கண்ணாடி பதித்த அபார்ட்மெண்டில் இரண்டும் கிடையாது. குருவி குறைந்ததற்கு செல்போன் டவரைத் திட்டுவது நம் ஊர் வழக்கம். நான் வீடு கட்டும் முறையைத்தான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம் செடிகள். வாடகை வீட்டுக்காரர் தேக்கு நடமாட்டார். நட்டால் வெட்டும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். புறம்போக்கில் இருப்பவர் மாமரம் வைக்கத் தயங்குவார். அதனால் வருவது முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, அவரைப் பந்தல்: ஒரு வருடத்துக்குள் குழம்புக்கு ஆகிற செடிகள். கறிவேப்பிலையில் கருநிற வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடுகிறது. காலி மனையில் யாரும் மதிக்காத எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் அதைத் தின்ன சுடலைக்குயில் வரும். ஆனால் அதற்கு முன்னால் வீட்டு ஓனர் வந்துவிடுவார், "கம்பளிப்பூச்சி சுவரெல்லாம் ஏறுது, மரத்தை வெட்டிடுங்க" என்று. குயிலுக்கான சாப்பாட்டைப் பற்றி வாடகைக்காரரால் வாதாட முடியாது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பணம் உள்ள வீட்டுத் தோட்டமெல்லாம் உயிர் நிறைந்தது அல்ல. கொரியன் புல், வரிசையாக நாலு அலங்காரப் பனை, மாதம் ஒருமுறை மருந்து அடிப்பு என்றால் அங்கே ஒரு வெட்டுக்கிளிகூட நிற்காது. அதைவிட அந்தத் தெருமுனை எருக்குப் புதர் மேல்.

திருமணிமுத்தாற்றில் இவ்வளவு கொக்கு, உள்ளான் நிற்கிறதே. ஆறு நன்றாகத்தானே இருக்கிறது?

கூட்டம் இருக்கிறது, வகை இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் சுகவனேஸ்வரர் கோவில் பக்கமாக வரும் ஆறு இது. வழியில் வீட்டுச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சேர்கிறது. சாக்கடைச் சேற்றில் சிவப்புப் புழுக்கள் கோடிக்கணக்கில் பெருகும். நெடுங்கால் உள்ளானுக்கும் மடையானுக்கும் அது விருந்து. சுத்தமான நீரில் மீன் பிடிக்கிற, நீர்ச்செடியில் கூடு கட்டுகிற வகைகள் அங்கே இல்லை. மீனிலும் இதே கதை. நாட்டுக் கெண்டை, கெளுத்தி போய், ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் நிற்கிறது. கழிவுநீரையும் தாங்கும் மீன் அது. மலிவு என்பதால் அதைச் சமைப்பதும் கரையில் இருக்கும் வீடுகள்தான். ஆக அந்தத் தண்ணீர் ஒரு வழியில் தட்டுக்கும் வந்து சேர்கிறது.

கோவில் பெயரைக் கவனித்தீர்களா? சுகம் என்றால் கிளி, வனம் என்றால் காடு. கிளிக்காட்டு ஈசன் கோவிலைச் சுற்றி இன்று ஜவுளிக்கடையும் ஆட்டோ ஸ்டாண்டும். பச்சைக்கிளிக் கூட்டத்தை நான் பார்ப்பது வசதியானவர்கள் பக்கத்துப் பெரிய மரங்களில்.

குப்பைமேட்டுப் பருந்தும் நாயும்?

ஊர் முழுக்கச் சாப்பிட்ட மிச்சம் ஊருக்கு வெளியே ஓரிடத்தில் கொட்டப்படுகிறது. சேலத்துக்கு செட்டிச்சாவடி அப்படி ஓர் இடம், முன்பு எருமாபாளையம். எந்த நகரத்திலும் குப்பைமேடு பணக்காரர் வீட்டுப் பக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலேயே பெருங்குடிக் குப்பை கொட்டினார்கள். அதே சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது.

குப்பை இருந்தால் கரும்பருந்து, உண்ணிக்கொக்கு, எலி, நாய். பருந்தைப் படம் எடுக்க நான் போவேன், எடுத்துவிட்டு வீடு திரும்பிவிடுவேன். நாய்க்கூட்டத்தைத் தாண்டி நைட் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவருக்கு அது தினப்படி. பைக்கில் போகிறவரை நாய் துரத்தும், காரில் போகிறவருக்கு நாய் இருப்பதே தெரியாது.

கொசுவும் இதில் சேர்த்தி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடும். குழாயில் தினமும் தண்ணீர் வரும் வீட்டுக்கு டிரம் தேவையில்லை. நாலு நாளுக்கு ஒருமுறை வரும் தெருவில் வீட்டுக்கு மூன்று டிரம். "டிரம்மை மூடி வை" என்று நோட்டீஸ் ஒட்டுவது சரிதான். தண்ணீரைத் தினமும் விட்டால் நோட்டீஸே வேண்டாம்.

பாம்பு எல்லார் வீட்டுக்கும் வருமே?

வரும். ஆனால் யாரைக் கடிக்கிறது என்பது வேறு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள், வயலில் வேலை செய்பவர்கள்.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தூக்கத்தில் கடிக்கும். பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. கட்டிலும் கொசுவலையும் இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஊர் ஓரத்தில் புது லேஅவுட் போடும்போது பொக்லைன் புதரைக் கிளறும், பாம்பு நகரும். அந்த நேரத்தில் அங்கே தார்ப்பாய்க் கொட்டகையில், தரையில் படுத்திருப்பவர்கள் கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள். வீடு வாங்கிக் குடிவருகிறவர் வருவதற்குள் பாம்பு போய்விட்டிருக்கும்.

யாரையாவது கடித்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

ஏற்காட்டில் காட்டெருமை ஊருக்குள் வருவது காட்டை அழித்ததால்தானே?

பாதி பதில் அது. மீதி, காட்டெருமை வரும்போது யார் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார் என்பது.

சேர்வராயன் மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்தார். அதன்பின் மலையின் நல்ல நிலமெல்லாம் எஸ்டேட் ஆனது. 1882-ல் வந்த மதராஸ் வனச் சட்டம் காட்டை அரசின் கைக்குக் கொண்டுபோனது. சாமையும் தினையும் விதைத்து வந்த மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது இவர்களின் வழிவழிக் கதை) நடுவில் மாட்டினார்கள். ஒரு பக்கம் எஸ்டேட், ஒரு பக்கம் ரிசர்வ் காடு. பிறகு பாக்சைட் சுரங்கம், ரிசார்ட், வார விடுமுறைக் கூட்டம்.

காட்டுக்குள் உண்ணிச்செடி பரவி அடியில் புல் வளர விடுவதில்லை. காட்டெருமை புல் தேடும் மிருகம். நன்கு வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை வரும். எஸ்டேட்காரர் சோலார் மின்வேலி போடுகிறார், ரிசார்ட்காரர் சுவர் கட்டுகிறார். போட வசதியுள்ளவர் ஒவ்வொருவராக வேலி போடப் போட, மிருகம் வேலி இல்லாத இடத்துக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த இடம் மலைக்கிராமத்து முக்கால் ஏக்கர், அல்லது எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பாதை.

ஒரு தடவை பனி விலகாத காலையில், காபி பறிக்கப் போன ஓர் அம்மா என்னைப் பாதையில் நிறுத்தினார். "தம்பி, நீங்க இந்தப் பக்கம் போவாதீங்க, நாலு நிக்குது. நாங்க கும்பலா பேசிக்கிட்டே போவோம், சத்தம் கேட்டா ஒதுங்கிக்கும்." எனக்கு அன்று காட்டெருமை பார்த்த சந்தோஷம். அவருக்கு அது வேலைக்குப் போகும் வழி, வருடம் 365 நாளும். தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும், அதனால் வெளிச்சம் வரும்வரை காத்திருக்க முடியாது. மிருகம் தாக்கினால் நிவாரணம் உண்டு. ஆனால் பயிர்ச்சேதத்துக்குக் கேட்கப் போனால் முதலில் நிலத்துக்குக் காகிதம் வேண்டும். தலைமுறையாக உழுதும் பட்டா இல்லாதவர் எதைக் காட்டுவார்? 2006-ன் வன உரிமைச் சட்டம் இதற்காக வந்ததுதான். அதில் உரிமைப் பட்டா வாங்குவது மலையேறுவதைவிடக் கஷ்டம்.

காபி எஸ்டேட்டும் காடு மாதிரிதானே?

எந்த எஸ்டேட் என்று பார்க்க வேண்டும். பலா, அத்தி, நாவல் என்று நாட்டு மரநிழலில் வளரும் காபியில் பறவைக்கு நல்ல இடம் இருக்கிறது. பல இடங்களில் நிழலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நிற்கும். நேராக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், பணம் வேண்டும்போது வெட்டி விற்கலாம். நாட்டு மரத்தை வெட்டுவதில் இருக்கும் சிக்கல் இதில் இல்லை. காபி விலை விழுந்த வருடம் கடனில் இருக்கும் சிறு விவசாயி சில்வர் ஓக்கைத்தான் நம்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பழைய மரத்தில் ஆர்க்கிட் ஒட்டி வளர்வதைப் பார்க்க ஆசை இருந்தால், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல் ஏற்காட்டில் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம். அதோடு, மலைக்கிராமங்களின் கோவில்காடுகளில் சாமிக்குப் பயந்து விட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. வேலியும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மலைப்பாதையில் குரங்குக்கு பிஸ்கட் போடலாமா?

வேண்டாம். நீங்கள் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவீர்கள். பழகிய குரங்கு மறுநாள் ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்குவது ரோட்டோர வீட்டில்.

வனவிலங்குச் சட்டம் எல்லாருக்கும் பொதுதானே?

எழுத்தில் பொது. 1972 சட்டப்படி நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். கிளி ஜோசியக்காரர் தெருவில் உட்கார்ந்திருப்பவர், எளிதில் பிடிபடுவார். வெளிநாட்டு மக்காவ் கிளியைப் பல ஆயிரம், லட்சம் கொடுத்து வாங்கி ஹாலில் வைத்திருந்தவரை அந்தச் சட்டம் வெகுகாலம் தொடவில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகுதான் அவற்றில் பலவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று வந்தது. கிளியைப் பிடிப்பது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒருவருக்கு ஜெயில், இன்னொருவருக்குப் படிவம் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டியதுதான். பனமரத்துப்பட்டி ஏரி மாதிரி, ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் தந்த ஏரியில் அது காடாக நின்றதைப் பார்த்தவர் யாரும் அதற்கு வக்காலத்து வாங்கமாட்டார். தமிழ்நாடு அரசும் 2022-ல் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்திருக்கிறது. ஒரு கேள்வி மட்டும்: அந்த விறகில் அடுப்பெரிக்கிறவர்களுக்கு அடுத்து என்ன? கேஸ் இணைப்பு கிடைத்தும், சிலிண்டர் தீர்ந்த மாதக் கடைசியில் விறகுக்குப் போகும் வீடுகள் எனக்குத் தெரியும். முள் போனால் அடுத்துக் கை வைப்பது கரட்டு ஓரத்து நாட்டு மரத்தில். எடுக்கும் வேலையைக் கூலியாக அந்த ஊர்க்காரர்களுக்கே கொடுத்து, எடுத்த இடத்தில் விறகுக்கும் தீவனத்துக்கும் ஆகிற நாட்டு மரம் வைத்தால் செய்த வேலை நிலைக்கும்.

மூக்கனேரி மாதிரி எல்லா ஏரியையும் சீரமைத்தால் பிரச்சனை தீராதா?

மூக்கனேரி நல்ல வேலை. கன்னங்குறிச்சியில் குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்ததை 2010-ல் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவும் தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே திட்டுத்திட்டாகத் தீவுகள் போட்டு மரம் வைத்தார்கள். இன்று கொக்கும் நீர்க்காகமும் அந்தத் திட்டுகளில் அடைகின்றன. சாயங்காலம் சூரியன் இறங்கும் நேரத்தில் போய் நில்லுங்கள், சத்தத்தைக் கேளுங்கள்.

ஆனால் ஏரி அழகானால் சுற்றி நிலவிலை ஏறும். 'லேக் வியூ' என்று போர்டு வரும். நாற்றம் அடித்த காலத்தில் அங்கே வாடகை கட்டுப்படியானவர்களுக்கு, காற்று நன்றாக இருக்கும் காலத்தில் கட்டுப்படியாகாது. சென்னையில் இது இன்னும் கடுமையாக நடந்தது. அடையாறு, கூவம் கரைகளைச் சீரமைக்க ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் தண்ணீர் தேங்கும் தாழ்வான நிலம்தான். ஏரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டம் போடும் மேஜையில் கரையோர வாடகைக்காரரும், மீன் பிடிப்பவரும், துணி வெளுப்பவரும் உட்கார வேண்டும் என்கிறேன். அவர்கள் உட்கார்ந்தால் கரையில் சிமெண்ட் நடைபாதையும் குறையும். அவர்களுக்கு வேண்டியது படித்துறை. தாழைக்கோழிக்கு வேண்டியது கோரை. இரண்டும் நடைபாதைக்கு எதிரிதான்.

எங்கள் பக்கம் எத்தனை வகைப் பறவை என்று எங்கே பார்ப்பது?

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றும் ஈபேர்ட் இணையதளத்தில் பார்க்கலாம். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. அந்தப் பட்டியல்களும் அதில்தான் ஏறுகின்றன. பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பைனாகுலர் வைத்திருப்பவன் போன இடத்தில்தான் பட்டியல் இருக்கும். அமெரிக்காவில் அன்று சிவப்பு அடித்த பகுதிகளிலிருந்து இன்று பறவைப் பதிவுகளும் குறைவாகவே வருகின்றன என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. என் பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். மூக்கனேரிக்கு நூற்றுக்கு மேல் இருக்கின்றன. கிச்சிப்பாளையத்துக்கு மூன்று. வெட்கமாக இருந்தது. அங்கே பறவை இல்லை என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, நான் போகவில்லை என்பதைத் தவிர.

நானே வாடகை வீடு. நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் வார்டில் பொது இடம் எது என்று முதலில் பாருங்கள். சுடுகாடு, ரேஷன் கடை ஓரம், அரசுப் பள்ளி வளாகம், மிச்சம் இருக்கும் பாவடி. வீட்டில் மரம் வைக்க முடியாதவருக்கு மரம் வைக்க இடம் அவைதான். 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நாற்றங்கால்களில் கன்று கிடைக்கும். கேட்டு வாங்கும்போது புங்கன், பூவரசு, அத்தி, நாவல் கேளுங்கள். கன்று வாங்குவது சுலபம், இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. அதற்கு யார் வீட்டுக் குடம் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் தெருவில் அதைப் பேசாமல் நட்ட பதினைந்தில் நின்றது இரண்டு, இரண்டும் டீக்கடைக்காரர் டம்ளர் கழுவிய தண்ணீர் ஊற்றியவை.

பறவை பார்க்க வர பைனாகுலர் வேண்டுமா?

வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், தொப்பி கொண்டுவாருங்கள். அடுத்த நாலு ஞாயிறும் ஏரிக்குப் போகவில்லை. கிச்சிப்பாளையம்.